மூன்று கவுன்சிலர்களுக்கு முன்னால்

போன மாதம் ஒரே நாளில் இரண்டு பேருக்குத் துணையாக எங்கள் ஊர் கவுன்சிலுக்குப் போயிருந்தேன். காலையில் ஒரு கடைக்காரர். மத்தியானம் டாக்சி ஓட்ட விண்ணப்பித்திருந்த ஒரு தம்பி. அதே அறை, அதே மேசை, அதே மூன்று கவுன்சிலர்கள். கடைக்காரர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். தம்பி கார் நிறுத்துமிடத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றான். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சின்ன நகரத்தில் 20 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு மது விற்கும் லைசன்ஸ் எடுக்கப் பட்ட பாட்டில் அந்தச் சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டி வந்தது. அது தெரிந்து ஆட்கள் "அண்ணை, ஒருக்கா எங்களோட வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். போவேன். அவ்வளவுதான் என் தகுதி. (லண்டனில் டாக்சிக்கும், முன்பதிவு செய்து கூப்பிடும் வாடகைக் காரான மினிகேப்புக்கும் லைசன்ஸ் தருவது டிஎஃப்எல் என்ற லண்டன் போக்குவரத்து அமைப்பு. வெளியூர்களில்தான் அது கவுன்சிலின் வேலை. கடை, உணவகம், பப் லைசன்ஸ் என்றால் லண்டனிலும் கவுன்சில்தான்.)

முதலில் கடை.

2005 நவம்பர் வரை இங்கே மது லைசன்ஸ் கொடுத்தவர்கள் மாஜிஸ்ட்ரேட்டுகள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது கவுன்சிலின் கைக்கு மாறியது. விண்ணப்பத்தைப் போட்டதும் கடைக் கண்ணாடியில் வெளிர் நீலத் தாளில் ஒரு அறிவித்தல் ஒட்ட வேண்டும். 28 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் போட வேண்டும். அந்த 28 நாளுக்குள் பொலிஸோ, சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ, அயலவரோ யாரும் செல்லத்தக்க ஆட்சேபம் எழுதவில்லை என்றால் கவுன்சில் லைசன்ஸைக் கொடுத்தே ஆக வேண்டும். விசாரணையே கிடையாது. எந்தக் கவுன்சிலரும் அந்தக் காகிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டார். இது நம்மில் பலருக்குத் தெரியாது. "கவுன்சில் மனம் வைத்தால் தரும்" என்று நினைத்துக்கொண்டு இருக்கிறோம்.

ஆட்சேபம் வந்தால் மட்டும்தான் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். அப்போதும் அவர்கள் பார்க்கக்கூடியவை நான்கே நான்கு: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுப்பது, பொதுமக்களின் பாதுகாப்பு, அயலுக்குத் தொல்லை வராமல் பார்ப்பது, பிள்ளைகளுக்குத் தீங்கு வராமல் காப்பது. இதற்கு வெளியே நிற்கும் எதுவும், எவ்வளவு நியாயமாகத் தெரிந்தாலும், அந்த மேசையில் செல்லாது.

அன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். இரவு 1 மணி வரை மது விற்க வேண்டும் என்று எங்கள் கடைக்காரர் கேட்டிருந்தார். தெருவில் இருந்து 19 கடிதம் எதிராகப் போயிருந்தது. ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் ஒரே பாட்டு: "ஏற்கனவே மூன்று கடை இருக்கிறது, இன்னொன்று எதற்கு?", "வீட்டு விலை விழுந்துவிடும்", "கார் நிறுத்த இடம் இல்லை." ஒரு இடத்துக்கு எத்தனை கடை தேவை என்பது இந்தச் சட்டத்தில் கேள்வியே இல்லை. கடைகள் குவிந்து தொல்லை பெருகிவிட்டது என்று ஆதாரத்தோடு கவுன்சில் முன்கூட்டியே அறிவித்த பகுதி என்றால் கதை வேறு. எங்கள் தெரு அப்படிப்பட்டது இல்லை. ஆகவே அந்தக் கடிதங்கள் எடுபடவில்லை.

ஆனால் கடைக்கு நேரெதிரே இருக்கும் ஒரு வயதான அம்மா ஒரு கொப்பியோடு வந்திருந்தார். எட்டு வாரம். எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் சுவரோரம் நின்று கத்தினார்கள், எத்தனை வெற்று கேன் காலையில் கிடந்தது என்று நுணுக்கமான எழுத்தில் வைத்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. வாசித்தார். தலைமை தாங்கிய கவுன்சிலர் பேனாவை எடுத்தது அப்போதுதான். தீர்ப்பு வந்தது: லைசன்ஸ் உண்டு, ஆனால் இரவு 11 மணி வரைதான். 31 நாள் சிசிடிவி பதிவு வைத்திருக்க வேண்டும், 25 வயதுக்குக் கீழே தெரிகிற யாரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும், யாருக்கு விற்க மறுத்தோம் என்று ஒரு பதிவேடு எழுத வேண்டும், தனித்தனி கேனாகப் பியர் விற்கக் கூடாது. இந்த நிபந்தனைகளை முன்பே பொலிஸோடு பேசி ஒப்புக்கொண்டிருந்தோம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த அம்மாவின் கொப்பி எங்களுக்கு இரண்டு மணி நேரத்தைக் குறைத்தது. அவர் செய்தது சரி. 18 கோபத்தைவிட ஒரு கொப்பிக்கு மதிப்புக் கொடுக்கும் முறையை நான் மதிக்கிறேன், எனக்கு எதிராகப் போனாலும்.

சரி, இப்போது தம்பியின் கதை.

டாக்சிச் சட்டம் குதிரை வண்டிக் காலத்தில் தொடங்குகிறது. 1847ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, இன்றும் இரண்டும்தான் அடித்தளம். 1976 சட்டத்தின் வாசகத்தை எடுத்துப் பாருங்கள். விண்ணப்பித்தவர் தகுதியும் நேர்மையும் உள்ளவர் என்று திருப்தி வந்தால் ஒழியக் கவுன்சில் லைசன்ஸ் *கொடுக்கக் கூடாது*. கடைச் சட்டம் 'கொடு' என்று தொடங்குகிறது, யாராவது ஆதாரம் காட்டித் தடுக்க வேண்டும். டாக்சிச் சட்டம் 'கொடுக்காதே' என்று தொடங்குகிறது, நீயே உன்னை நிரூபிக்க வேண்டும். ஒரே மூன்று பேர் காலையில் ஒரு திசையிலிருந்தும் மத்தியானம் எதிர்த்திசையிலிருந்தும் யோசிக்கிறார்கள். இதை யாராவது முதலிலேயே தம்பிக்குச் சொல்லியிருக்க வேண்டும். நானும் சொல்லவில்லை. விசாரணைக்கு நான்கு நாள் முன்புதான் என்னிடம் வந்தான்.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு பிறந்தநாள் விழா முடிந்து மண்டபத்துக்கு வெளியே கைகலப்பு. தம்பி ஒருவனை அடித்துவிட்டான். நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லி அபராதம் போட்டது. கட்டினான், மறந்தான். டாக்சி விண்ணப்பப் படிவத்தில் பழைய தண்டனைகளைக் கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதினான்.

"ஏன்டாப்பா மறைச்சனி?" என்று கேட்டேன்.

"மறைக்கேல்லை அண்ணை. அபராதம் கட்டி ஒரு வருசத்தோட அது முடிஞ்சுதாம் எண்டு கூட வேலை செய்யிற பெடியன் சொன்னவன்."

அந்தப் பெடியன் சொன்னதில் பாதி உண்மை. பழைய தண்டனைகள் எப்போது காலாவதியாகும் என்று சொல்லும் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதத் தண்டனை ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். சாதாரண வேலைக்குப் போனால் சொல்லத் தேவையில்லை. ஆனால் டாக்சி ஓட்டுநர் அந்தச் சட்டத்தின் விதிவிலக்குப் பட்டியலில் இருக்கிறார். காலாவதியானதையும் கவுன்சில் கேட்கலாம், பார்க்கலாம், எடை போடலாம். டிபிஎஸ் என்ற குற்றப் பதிவுச் சான்றிதழில் அந்தக் கைகலப்பு தெளிவாக வந்து நின்றது.

2020 ஜூலையில் போக்குவரத்து அமைச்சு எல்லாக் கவுன்சிலுக்கும் ஒரு வழிகாட்டும் தரநிலை வெளியிட்டது. வன்முறைக் குற்றம் என்றால் தண்டனை முடிந்து 10 வருடம். நேர்மையீனக் குற்றம் 7 வருடம். குடித்துவிட்டு ஓட்டினால் 7. கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டித் தண்டனை பெற்றால்கூட 5. பாலியல் குற்றம் என்றால் கதவே இல்லை. இவை கல்லில் வெட்டிய எழுத்து அல்ல, ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கூடவே கவுன்சிலர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வியையும் அது எழுதி வைத்திருக்கிறது. எந்த முன்முடிவும் இல்லாமல், உங்கள் கையில் இருக்கும் தகவலை மட்டும் வைத்து, நீங்கள் அக்கறை கொண்ட ஒருவரை, அவர் என்ன நிலையில் இருந்தாலும், பகலோ இரவோ, இந்த ஆளின் வண்டியில் தனியாக ஏற்றி அனுப்புவீர்களா? சந்தேகம் 50க்கு 50 என்றால்கூட லைசன்ஸ் இல்லை. சந்தேகத்தின் பலன் விண்ணப்பித்தவருக்குப் போகாது.

கடை விசாரணை திறந்த கதவோடு நடக்கும், யாரும் போய் உட்காரலாம். ஓட்டுநர் விசாரணை தனிப்பட்ட விபரம் என்பதால் கதவைச் சாத்திவிட்டு நடக்கும். உள்ளே மூன்று கவுன்சிலர்கள், ஒரு சட்ட ஆலோசகர், லைசன்ஸ் அதிகாரி, குறிப்பெடுப்பவர். எதிரே தம்பியும் நானும். கேள்விகள் மரியாதையாகத்தான் வந்தன. "அன்று என்ன நடந்தது?" "படிவத்தில் ஏன் எழுதவில்லை?" இரண்டாவது கேள்வியில்தான் தம்பி விழுந்தான். நடுங்கினான், ஆங்கிலம் தடுமாறியது, கடைசியில் தன் மூன்று பிள்ளைகளைப் பற்றியும் வீட்டுக் கடனைப் பற்றியும் பேசத் தொடங்கினான். சட்ட ஆலோசகர் மெதுவாகக் குறுக்கிட்டார்: குடும்பக் கஷ்டத்தை இவர்கள் கணக்கில் எடுக்க முடியாது.

அது அவருடைய கல்மனது அல்ல. லீட்ஸ் கவுன்சில் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2002இல் உயர் நீதிமன்றம் சொன்னது அது. ஓட்டுநரின் நடத்தையை விளக்க உதவினால் ஒழிய அவருடைய சொந்தச் சூழ்நிலைக்கு இங்கே இடம் இல்லை. பார்க்க வேண்டியது பயணியின் பாதுகாப்பு.

முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மனிதனின் சோற்றைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் சோற்றைப் பற்றிப் பேசக் கூடாதா? இன்று நான் அப்படி நினைக்கவில்லை. ரொதரம் நகரத்தைப் பற்றிய அறிக்கைகளைப் படித்த பிறகு நினைக்க முடியவில்லை. அந்த ஊர்க் கவுன்சிலே நியமித்த அலெக்சிஸ் ஜே 2014 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, 1997க்கும் 2013க்கும் இடையே குறைந்தது 1,400 பிள்ளைகள் அங்கே பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக மதிப்பிட்டது. அதில் டாக்சி ஓட்டுநர்கள் சிலரின் பங்கு திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில், அரசு நியமித்த லூயிஸ் கேசியின் ஆய்வு அந்தக் கவுன்சிலின் டாக்சி லைசன்ஸ் பிரிவு எப்படிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று பிரித்துக் காட்டியது. அரசு ஆணையாளர்களை அனுப்பி அந்த அதிகாரத்தையே எடுத்துக்கொண்டது. அங்கே பிழைத்தது ஓட்டுநர்களின் பிழைப்பு, கருகியது பிள்ளைகள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து தனியாக டாக்சியில் வருகிறாள்.

ஆகவே விதி கடுமையாக இருக்கட்டும். என் முறைப்பாடு வேறு.

கடைக்காரருக்கு ஒரு முகவர் இருந்தார், பொலிஸோடு முன்கூட்டியே பேச வழி இருந்தது, எந்த நிபந்தனையை ஒப்புக்கொண்டால் நல்லது என்று சொல்ல ஆள் இருந்தது. லைசன்ஸ் அதிகாரியே இரண்டு தடவை கடைக்கு வந்தார். தம்பிக்கு வந்தது 40 பக்கக் கட்டு ஒன்றும், "இந்தத் திகதி வரவும்" என்ற கடிதமும். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்பது நான்காம் பக்கத்தில் ஒரு வரி. படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில், "காலாவதியானதையும் எழுதுங்கள், எழுதினால் உடனே மறுக்கப்படும் என்று அர்த்தமில்லை, எழுதாமல் விட்டால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகும்" என்று பெரிய எழுத்தில் மூன்று வரி போட என்ன செலவு? சட்டம் 'நீயே உன்னை நிரூபி' என்று சொல்கிறது. அப்படியானால் எதை, எப்படி நிரூபிப்பது என்று சொல்லிக் கொடுக்கும் கடமையும் அந்த அலுவலகத்துக்கு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நம் ஆட்களைப் பார்த்து. விசாரணைக் கடிதம் வந்ததும் நாம் முதலில் செய்வது ஆள் பிடிப்பது. "கவுன்சிலர் இன்னாரைத் தெரியுமே, ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கோ." தயவுசெய்து வேண்டாம். அந்த மூன்று பேர் நீதிபதி மாதிரி உட்காருகிறார்கள். முன்கூட்டியே பேசியது தெரிந்தால் அந்தக் கவுன்சிலர் எழுந்து வெளியே போக வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவரை நீங்களே இழக்கிறீர்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை: லைசன்ஸ் கிடைத்தபின் கள்ளச் சிகரெட் பிடிபட்டாலோ, வேலை அனுமதி இல்லாத ஒருவரைக் கல்லாவில் நிறுத்திப் பிடிபட்டாலோ, முதல் தடவையிலேயே லைசன்ஸை ரத்துச் செய்வதைத் தீவிரமாக யோசிக்கச் சொல்கிறது அரசின் வழிகாட்டல். 2017 ஏப்ரலில் இருந்து குடிவரவுத் துறையும் ஆட்சேபம் எழுதும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம்மவர் கடைகள் சில அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

தம்பிக்கு மறுப்பு வந்தது. 10 வருடம் ஆகவில்லை, படிவத்தில் உண்மை இல்லை, இரண்டு காரணம். 21 நாளுக்குள் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். தோற்றால் கவுன்சிலின் செலவையும் கட்டச் சொல்லலாம். வேண்டாம் என்று நானே சொன்னேன்.

மறுநாள் அவன் கூட்டாளி ஒருவன் வேறு வழி காட்டினான். "இங்க தராட்டி என்ன, வேற கவுன்சிலிலை போடு, லைசன்சை எடுத்துக்கொண்டு வந்து இங்க ஓடு." மினிகேப்காரர் அப்படி ஓடுவது சட்டத்துக்கு விரோதமும் இல்லை. 2015ஆம் ஆண்டுச் சட்ட மாற்றம் அந்த வழியை இன்னும் அகலமாக்கியது. வுல்வர்ஹாம்ப்டன் என்ற ஒரே ஊர்க் கவுன்சில் கொடுத்த லைசன்ஸோடு நாட்டின் மூலை முடுக்கெல்லாம் மினிகேப்கள் ஓடுகின்றன. எங்கள் ஊர் மூன்று பேர் ஒருவரை முகத்துக்கு நேரே பார்த்து 'இல்லை' என்று சொல்கிறார்கள், அதே ஆள் இரண்டு மாதத்தில் எங்கள் ஊர் நிலையத்துக்கு முன்னால் பயணி ஏற்றுகிறார் என்றால் அந்த அறைக்கு என்ன பொருள்? பிள்ளைகள் மீதான கூட்டுப் பாலியல் சுரண்டல் பற்றி 2025 ஜூனில் லூயிஸ் கேசி வெளியிட்ட தேசிய ஆய்வும் இந்த ஓட்டையை அடைக்கச் சொல்கிறது. மறுப்புகளைத் தேசியப் பதிவேட்டில் ஏற்றுவது 2023 ஏப்ரலில் இருந்து கட்டாயம், அடுத்த கவுன்சில் அதைப் பார்த்தே ஆக வேண்டும். அது நல்ல தொடக்கம். ஆனால் பார்த்த பிறகு என்ன முடிவெடுப்பது என்பது இன்னும் அவரவர் கையில். அடைக்க வேண்டும், சீக்கிரம் அடைக்க வேண்டும், எங்கள் தம்பிக்கு அது கதவை மூடும் என்றாலும்.

அவன் வேறு எங்கும் போடவில்லை. குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலைக்குப் போகிறான். 10 வருடம் நிறைய இன்னும் ஒன்றே முக்கால் வருடம் இருக்கிறது. நேற்று போன் எடுத்தான்.

"அண்ணை, அந்தப் படிவம் இன்னொண்டு எடுத்து வைச்சிருக்கிறன். அந்தக் கட்டத்திலை என்ன எழுதிறதெண்டு இப்பவே சொல்லுங்கோ."

அன்று மண்டபத்துக்கு வெளியே என்ன நடந்தது என்று முதலில் தமிழில் எழுதி எனக்கு அனுப்பச் சொன்னேன். ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறான். அடி வாங்கியவனின் பல் உடைந்தது அதில்தான் எனக்கே தெரிய வந்தது.