அம்மாவை உட்கார வைத்த கதை

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, சும்மா உட்காரு."

மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மாவைக் கோவில்பட்டியிலிருந்து சென்னைக்கு அழைத்து வந்தபோது நானும் என் மனைவியும் தினமும் இதைத்தான் சொன்னோம். பாசத்தில் சொன்னோம். எழுபத்திரண்டு வருடம் உழைத்தவள், இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தோம்.

ஊரில் அம்மா விடிவதற்குள் எழுந்து வாசல் தெளிப்பாள். 15 புள்ளி, இடைப்புள்ளி 8 என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு, கம்பி எங்கே வளையும், எங்கே வந்து சேரும் என்று பார்த்துப் பார்த்து இழுப்பாள். சந்தைக்கு நடந்து போவாள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் வாய்க்கணக்கு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். சாயங்காலம் திண்ணையில் நாலு பேர் கூடினால் இரண்டும் கலந்து ஓடும்.

சென்னையில் மூன்றாவது மாடி. வாசலில் ஸ்டிக்கர் கோலம். காய்கறி ஆப்பில் வந்துவிடும். பேத்திக்குத் தெலுங்கு தெரியாது. அம்மாவுக்கு மிஞ்சியது சோபாவும் சீரியலும்தான். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள், இரவில் விழித்துக் கிடந்தாள்.

ஒரு வருடத்தில் பேச்சு குறைந்துபோனது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வரும். இரண்டு முறை அடுப்பை அணைக்க மறந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "வயசானா அப்படித்தான்." இந்த இரண்டு சொற்கள் எத்தனை பெரியவர்களை டாக்டரிடம் போகவிடாமல் தடுத்திருக்கும் என்று இப்போது நினைத்தால் கோபம் வருகிறது.

நரம்பியல் மருத்துவர் தைராய்டு, வைட்டமின் பி12, பிபி, சுகர் எல்லாம் பார்க்கச் சொன்னார். காதையும் சோதிக்கச் சொன்னார். பிறகு கேட்டார், "நாள் முழுக்க அம்மா என்ன செய்றாங்க?" "எந்த வேலையும் குடுக்கறதில்ல டாக்டர்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "முதல்ல அதை மாத்துங்க" என்றார்.

பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டோம். ஆனால் என்னை உலுக்கியது காதுப் பரிசோதனைதான். இரண்டு காதிலும் கேட்கும் திறன் நன்றாகவே குறைந்திருந்தது. அவள் மறக்கவில்லை, பல சமயம் நாங்கள் சொன்னது அவளுக்குக் கேட்கவே இல்லை. கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொண்டு தலையாட்டியிருக்கிறாள்.

அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் (நினைவும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நோய்) ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. நடுவயதில் காது மந்தமாவது அதில் முக்கியமான ஒன்று. பிபி, சுகர், புகை, தனிமை, உடலுழைப்பு இல்லாமை, சரிசெய்யாத பார்வைக் குறை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஒலி சரியாக வராதபோது அதைப் புரிந்துகொள்ளவே மூளை தன் சக்தியைச் செலவழிக்கிறது. ஆளும் பேச்சிலிருந்து விலகிப்போகிறார். அமெரிக்காவில் 2023-ல் முடிவு வெளியான ஆய்வில், காது மெஷின் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மூளைத்திறன் குறையும் ஆபத்து ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களிடம், மெஷின் போட்டபோது அது சரியும் வேகம் 48 சதவீதம் குறைந்தது.

கண்ணாடி போட யாரும் வெட்கப்படுவதில்லை. காது மெஷின் என்றால் மட்டும் "செவிடின்னு ஊர் சொல்லும்" என்று அம்மா அழுதாள். ஒப்புக்கொள்ள வைக்க இரண்டு மாதம் ஆயிற்று.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011-ல் வந்த ஒரு ஆய்வில் 55 வயதுக்கு மேற்பட்ட 120 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வீதம் ஒரு வருடம் நடந்தவர்களுக்கு, நினைவைக் காக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி 2 சதவீதம் பெரிதானது. வெறும் தசைநீட்டல் பயிற்சி செய்தவர்களுக்கு அது சுருங்கியது. இப்போது நானும் அம்மாவும் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போகிறோம்.

இன்னொன்று என்னை நெகிழவைத்தது. 2013-ல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் டிமென்ஷியா உள்ள 648 பேரை ஆராய்ந்தார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் தெரிந்தது. நாங்கள் அம்மாவிடமிருந்து பிடுங்கிக்கொண்டவற்றில் தெலுங்கும் ஒன்று. இப்போது தினமும் போனில் சித்தியோடு அரைமணி நேரம் பேசுகிறாள். பேத்திக்கும் பத்துச் சொல் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

ஊசியா, மெஷினா, நடையா, எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ அப்பாவோ சோபாவில் அமைதியாக இருந்தால், அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை காதைச் சோதித்துப் பாருங்கள். கையில் இருக்கும் கத்தியையும் வெங்காயத்தையும் பிடுங்காதீர்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் தங்கள் பிபியையும் பாருங்கள். நான் பார்த்தபோது 150/95.

ஸ்டிக்கரை உரித்துவிட்டோம். போன வெள்ளிக்கிழமை அம்மா எங்கள் வாசலில் 7 புள்ளி வைத்தாள். ஒரு கம்பி தப்பிப் போனது. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, "இருடா, இங்கதான் விட்டேன்" என்று மறுபடி இழுத்தாள். இந்த முறை சேர்ந்துவிட்டது.