ஆறரை மணிக்கே பாஸ்கா மெழுகுதிரியா?
தோட்டத்து மக்கள் வீடு திரும்ப பஸ் கிடைக்காது, அதனால் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பை மாலை 6.30க்கே தொடங்கலாம் என்கிறது மேலே உள்ள கட்டுரை. இது வழக்கமான சனிக்கிழமை மாலைத் திருப்பலி இல்லையே. இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும் என்று 1988 வத்திக்கான் சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஏப்ரலில் பொழுது சாயவே 7.25 வாக்கில் ஆகிவிடும், நன்றாக இருட்ட எட்டு மணி. வழிபாட்டின் தொடக்கத்தில் மூட்டும் புதுத்தீயை வெளிச்சத்தில் மூட்டி என்ன பயன்? நேரம்தான் பிரச்சினை என்றால் வாசகங்களில் கை வையுங்கள். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழையும் மூன்றாகக் குறைக்க இடமுண்டு. அவற்றில் செங்கடலைக் கடக்கும் வாசகம் (விடுதலைப் பயண நூல், அதிகாரம் 14) மட்டும் கட்டாயம். ஒரே வாசகத்தை இரண்டு மொழியில் படிப்பதுதான் நேரத்தைத் தின்கிறது. ஒன்று தமிழ், அடுத்தது மலாய் என்று பிரித்தால் போதும். எனக்கு முன் கருத்து எழுதிய ஒருவர் புதுத்தீ பற்றவில்லை என்று குறைப்பட்டிருந்தார். சாயங்கால மழையில் நனைந்த ரப்பர் விறகு புகையத்தான் செய்யும். அடியில் காய்ந்த சிரட்டை, அதன்மேல் விறகு. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், தூபக் கலசத்துக்கு எடுக்கும் கரியிலும் அந்த வாடை ஏறிவிடும். பவனி உள்ளே வருமுன் மின்விசிறிகளை அடைக்க ஓர் ஆளைச் சுவிட்ச் பக்கத்தில் நிறுத்துங்கள்; மக்கள் கையிலிருக்கும் மெழுகுதிரிகள் பாதி அணைவது அதனால்தான்.