மைலோ டின் காசு

(சிங்கப்பூர், ஈசூனில் ஒரு நான்கறை வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறை மேசையில் பழைய செய்தித்தாள் விரித்திருக்கிறது. அதன்மேல் இரண்டு புட்டிகள், ஒரு தராசு, உருண்டையான ஒரு சிலிக்கான் அச்சு. குமரன் கையுறை மாட்டிக்கொண்டு அச்சுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா சரோஜா கையில் ஒரு பிளாஸ்டிக் குவளையோடு வருகிறார்.)

அம்மா: பரவாயில்லையே தம்பி, மாத்திரை போட எனக்கு வெந்நீர் எல்லாம் ஊற்றி வைத்திருக்கிறாய்!

குமரன்: ஐயோ அம்மா, வாயில் வைத்துவிடாதே! அது ரெசின், இறுகுகிற பிசின்!

அம்மா: என்ன சனியனோ, தொட்டால் சுடுகிறதே.

குமரன்: அச்சில் ஊற்றியது போக மிச்சம். இரண்டு புட்டியில் இருப்பதையும் கலந்தால் தானாகவே சூடாகும். குவளையில் மொத்தமாகக் கிடந்தால் இன்னும் வேகமாக ஏறும். கீழே வை, புகை வந்தாலும் வரும்.

அம்மா: அடுப்பே பற்ற வைக்காமல் என் சமையலறையில் புகை விடுகிறாயா? (ஜன்னலை அகலத் திறக்கிறார்.) அது இருக்கட்டும், முறுக்கு மாவு நிறுக்கிற தராசு இங்கே எப்படி வந்தது?

குமரன்: கிராம் கணக்கில் நிறுக்க வேண்டும் அம்மா. நான் வாங்கியதில் இது 2 பங்கு, அது 1 பங்கு. கண் அளவில் ஊற்றினால் இறுகாது. எத்தனை நாள் வைத்தாலும் அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அம்மா: நான் 40 வருஷமாகக் கண் அளவில்தான் போடுகிறேன். எந்த முறுக்கு இறுகாமல் போனது?

குமரன்: அதனால்தான் அப்பா பல் கட்டிக்கொண்டார்.

அம்மா: (தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு) வாய் மட்டும் அப்படியே அவருடையது. என்னதான் செய்கிறாய், சொல்லு.

குமரன்: நம் காருக்கு ஒரு கியர் குமிழ். கண்ணாடி மாதிரி இருக்கும். நடுவில் அப்பா ஞாபகமாக ஒரு பொருள் தெரியும்.

அம்மா: இருக்கிற குமிழுக்கு என்ன கேடு?

குமரன்: தோல் உரிந்து கையில் கறுப்பாக ஒட்டுகிறது. அதை விடு, காரே இன்னும் 14 மாதம்தான். அப்பா கார் வைத்திருக்கிற உரிமத்தை, அந்த சிஓஇ-யை, 5 வருஷத்துக்குத்தானே புதுப்பித்தார்? அப்படிப் புதுப்பித்தால் மறுபடி நீட்டிக்க முடியாது. வண்டி பழைய இரும்புக்குப் போகும், இல்லை கப்பல் ஏறும். காரைத் தூக்கி வரவேற்பறையில் வைக்க முடியுமா? குமிழைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.

அம்மா: 10 வருஷத்துக்கே கட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ‘அதுவரைக்கும் யார் இருக்கப்போகிறார்கள்’ என்றார். கணக்கில் மட்டும் தவறவே மாட்டார் மனுஷன்.

(இருவரும் கொஞ்ச நேரம் தராசையே பார்க்கிறார்கள். அது பூஜ்யம் காட்டிக்கொண்டிருக்கிறது.)

அம்மா: சரி, உள்ளே என்ன வைக்கிறாய்? பல்செட் இல்லையே?

குமரன்: சே! அதைப் பிடித்துக்கொண்டு நான் கியர் மாற்றவா? இதோ, இதுதான்.

அம்மா: பத்துக் காசா?

குமரன்: சாதாரணப் பத்துக் காசு இல்லை அம்மா, 1967. சுதந்திரத்துக்குப் பிறகு சிங்கப்பூர் தன் பெயரில் வெளியிட்ட முதல் வரிசை. பார், கடற்குதிரை. அப்பாவின் சட்டைப் பையில் எந்நேரமும் இருக்குமே! முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாக இருக்கும். ஓரம் எப்படித் தேய்ந்திருக்கிறது பார். ஒரு உழைப்பாளியின் வாழ்க்கையே இதில் தெரிகிறது.

அம்மா: அது மைலோ டின்னில் தேய்ந்தது.

குமரன்: என்ன?

அம்மா: விடியற்காலை 5 மணிக்கு மைலோ கலக்குவார். டின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பி நெம்பி என் கரண்டி எல்லாம் கோணிப்போனது. ஒரு நாள் நன்றாகத் திட்டினேன். அன்றையிலிருந்து இந்தக் காசு. திறந்ததும் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொள்வார். முதல் சம்பளமாம்! அதை வாங்கிய அன்றே நண்பர்களோடு செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வர பஸ் காசு இல்லாமல் நடந்து வந்தார். அவர் அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

குமரன்: (காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து) அப்படியென்றால் இந்தப் பழுப்புக் கறை…

அம்மா: மைலோ.

குமரன்: பரவாயில்லை. கடற்குதிரைக்கு ஒரு சிறப்பு உண்டு தெரியுமா? அதில் ஆண்தான் குட்டிகளை வயிற்றுப் பையில் சுமக்கும். அப்பாவுக்குப் பொருத்தமான காசு.

அம்மா: எந்த அப்பாவுக்கு? உனக்கு ஒரு வயது ஆகும் வரை ‘குழந்தை கழுத்து நிற்கவில்லை’ என்று சொல்லியே தூக்காமல் ஓட்டினாரே, அவருக்கா?

குமரன்: அம்மா, ரெசின் இறுகிவிடும். பாதிதான் ஊற்றியிருக்கிறேன். பிசுபிசுவென்று இருக்கும்போதே காசை வைத்து, புதிதாகக் கலந்து மீதியை ஊற்ற வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் காசு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அம்மா: அகர் அகரில் லோங்கான் வைக்கிற மாதிரி என்று சொல்லேன்! அதற்கு இத்தனை பீடிகையா? தள்ளு. (விரல் நுனியால் தொடப் போகிறார்.)

குமரன்: கையுறை! கையுறை!

அம்மா: (கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்து) ம், இதுதான் பதம். முழுக்க இறுக விட்டால் இரண்டு அடுக்கும் தனித்தனியாகக் கழன்று வரும். காசைக் கொடு.

குமரன்: தட்டையாக வைக்காதே. அடியில் காற்று மாட்டிக்கொள்ளும். முதலில் காசின் மேல் கொஞ்சம் ரெசினைத் தடவி, சாய்த்து…

அம்மா: இட்லித் தட்டில் துணி போடத் தெரிந்தவளுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்காதே.

(காசு மெல்லச் சாய்ந்து இறங்குகிறது. ஒரு குமிழி கடற்குதிரையின் மூக்கருகே வந்து நிற்கிறது. அம்மா அதைக் குச்சியால் குத்துகிறார். மகன் மூச்சை அடக்கிக்கொள்கிறான்.)

குமரன்: அழகாக உட்கார்ந்துவிட்டது! இனி நாளைக் காலை வரை யாரும் தொடக்கூடாது. வராந்தாவில் வைக்கட்டுமா?

அம்மா: போன வாரமும் அங்கேதானே வைத்தாய்? மழை பெய்து, மறுநாள் மேலெல்லாம் எண்ணெய் பூசிய மாதிரி ஒரு உருண்டை குப்பையில் கிடந்ததே. ஏதோ கெட்டுப்போன பலகாரம் என்று நினைத்தேன்.

குமரன்: ஈரப்பதம் பட்டால் அப்படித்தான் பிசுக்கு படியும். ஏர்கான் அறையில் வைக்க வேண்டும்.

அம்மா: ஏர்கான் அறை என்றால் என் அறை. பத்துக் காசுக்கு ராத்திரி பூராவும் ஏர்கான்! அவர் இருந்திருந்தால் ஃபேன் போதும் என்றிருப்பார்.

(இங்கே 10 நாள் போய்விட்டது. அதற்குள் குமரன் துளைபோட்டு, உள்ளே பதிக்கிற பித்தளை மரையை ஹோண்டா அளவான 10 மில்லிமீட்டரில் வாங்கி வந்தான். வண்டியோ டொயோட்டா. அதற்கு 12, அதுவும் மரை இடைவெளி 1.25 என்று பிறகுதான் தெரிந்து மறுபடி ஜாலான் புசார் கடைக்குப் போய் வந்தான். 400-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை குளியலறையில் தண்ணீர் விட்டுத் தேய்த்தான். அப்போது அம்மா பேசியதை எல்லாம் எழுதினால் இடம் போதாது. இப்போது அடுக்குமாடிக் கார்ப்பார்க், மூன்றாம் தளம்.)

குமரன்: உட்கார் அம்மா. உன் முன்னால்தான் மாட்டவேண்டும் என்று காத்திருந்தேன். (திருகுகிறான்.) காசு நேராக நிமிர்ந்து என்னைப் பார்க்கும். அந்தக் கணக்கில்தான் துளை போட்டேன்… இன்னும் ஒரு சுற்று… அடச்சே!

அம்மா: என்ன ஆச்சு?

குமரன்: மரை முடிகிற இடத்தில் காசு திரும்பி நின்றுவிட்டது. என் பக்கம் வெறும் 10 என்ற எண்தான் தெரிகிறது. குதிரை உன் பக்கம்.

அம்மா: (குனிந்து) ஆமாம். நீட்டமான மூக்கு, தூக்கக் கண். சாடை இருக்கிறதுடா.

குமரன்: இதற்கு வழி இருக்கிறது. அடியில் ஒரு லாக் நட் போட்டால், குமிழை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி நிறுத்தி இறுக்கலாம். ஜாலான் புசாரில் இரண்டு வெள்ளிகூட இருக்காது, போய்…

அம்மா: ஒன்றும் வேண்டாம்.

குமரன்: ஓட்டுகிறவன் நான் அம்மா.

அம்மா: 13 வருஷமாக இந்த இருக்கையில் உட்கார்ந்து வருகிறேன். ஓட்டும்போது ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்பியிருப்பாரா? கேட்டால், ‘ரோட்டைப் பார்க்கவா, உன்னைப் பார்க்கவா’ என்பார். இன்னும் 14 மாதம் இருக்கிறதில்லையா? பார்த்துக்கொண்டே வரட்டும்.

குமரன்: அப்போ எனக்கு?

அம்மா: உனக்குத்தான் காசு எவ்வளவு என்று தெரிகிறதே. வண்டியை எடு. கடைக்குப் போகணும்.

குமரன்: என்ன வாங்க?

அம்மா: மைலோ. பாக்கெட்டில் பார்த்து எடு. டின் வாங்கினால், இனிமேல் எதை வைத்துத் திறப்பது?