கையுறையில் பட்டால்தான் பிழையா?

2014 மே 9 அன்று அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் ஜப்பானிய பிட்சர் (பந்து வீசுபவர்) யூ டார்விஷ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேட்டர்களில் ஒருவரைக்கூட முதல் பேஸுக்கு (பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் தளம்) விடாமல் தொடர்ச்சியாக 20 அவுட்களை எடுத்திருந்தார். ஏழாவது இன்னிங்ஸின் மூன்றாவது அவுட்டுக்காகக் காத்திருந்தபோது டேவிட் ஓர்டிஸ் அடித்த பந்து வலப்பக்கமாக உயர எழுந்தது. முந்தின நாள்தான் மேஜர் லீக்கில் அறிமுகமாகியிருந்த டெக்சாஸ் வீரர் ரூக்னெட் ஓடோர் பின்னோக்கி ஓடினார். வலதுபுற அவுட்ஃபீல்டர் அலெக்ஸ் ரியோஸ் முன்னோக்கி வந்தார். அவர் பிடிப்பார் என்று இவரும், இவர் பிடிப்பார் என்று அவரும் நின்றுவிட, பந்து யார் கையுறையிலும் படாமல் இருவருக்கும் நடுவே புல்லில் விழுந்தது. ஆட்டத்தைப் பதிவு செய்யும் அதிகாரியான ஸ்கோரர் அதை ரியோஸின் பிழை, அதாவது ஃபீல்டர் பிடித்திருக்க வேண்டிய பந்தைத் தவறவிட்டது, என்று பதிவு செய்தார். ஹிட், அதாவது பேட்டர் தன் அடியாலேயே பேஸை அடைந்தது, என்று பதிவாகாததால், ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடிக்கும் வாய்ப்பு டார்விஷுக்கு ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை உயிரோடு இருந்தது. கடைசி ஒரு அவுட் மட்டும் மீதமிருந்தபோது அதே ஓர்டிஸ் தெளிவான ஹிட் ஒன்றை அடித்து அதை முடித்துவைத்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில நாட்கள் கழித்து மேஜர் லீக் நிர்வாகத்தின் சார்பில் ஜோ டோரி முறையீட்டை ஆராய்ந்து, ஏழாவது இன்னிங்ஸில் விழுந்த பந்தும் ஹிட்தான் என்று பதிவை மாற்றினார்.

அன்று சரியாக எழுதியவர் ஸ்கோரர்தான் என்பதும், திருத்தம்தான் தவறு என்பதும் என் கருத்து. வீட்டுமைதான வீரருக்குச் சாதனை கிடைக்கட்டும் என்றே ஸ்கோரர் அப்படி எழுதினார் என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். அவர் மனத்தில் இருந்தது எதுவாயினும், விதிப்புத்தகம் அவர் பக்கம்தான் இருக்கிறது. பிழைகளைப் பற்றிய 9.12ஆம் விதியின் விளக்கக் குறிப்பு, ஃபீல்டர் பந்தைத் தொட்டிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. உயரப் பறந்த பந்து தொடப்படாமலேயே விழுந்தாலும், அந்த இடத்தில் நிற்கும் சராசரித் திறனுள்ள ஒருவர் சாதாரண முயற்சியில் அதைப் பிடித்திருப்பார் என்று ஸ்கோரர் கருதினால் பிழை என்றுதான் எழுத வேண்டும். சராசரி என்பது அந்த லீக்கின் சராசரி. மைதானத்தின் நிலையையும் வானிலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. இத்தனை தெளிவாக எழுதப்பட்ட பிறகும், "தொடவில்லையா, அப்படியானால் ஹிட்" என்ற எழுதப்படாத வழக்கமே பெரும்பாலான ஸ்கோரர்களின் கையை நடத்துகிறது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சர்ச்சையே விநோதமாகத் தோன்றலாம். நம் ஸ்கோர் அட்டையில் கேட்ச் தவறவிட்டவரின் பெயர் எங்கும் இடம்பெறாது; ரன் அடித்தவர் கணக்கில் ரன், பந்து போட்டவர் கணக்கில் வசவு, அவ்வளவுதான். பேஸ்பாலில் அப்படி இல்லை. பிழை என்று எழுதினால் பேட்டரின் சராசரியில் ஹிட் சேராது. அதனால் விளையும் ரன்கள் பிட்சரின் சொந்தக் கணக்கிலும் ஏறாமல் போகலாம். ஹிட் என்று எழுதினால் பேட்டருக்கு லாபம், பிட்சருக்கு நஷ்டம், பந்தைக் கோட்டைவிட்ட ஃபீல்டருக்கு எந்தச் சேதமும் இல்லை. இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. பந்தின் போக்கைச் சரியாகக் கணித்து, ஓடி வந்து, கையுறைக்குள் வாங்கி நழுவவிட்டவர் பிழைக்காரர் ஆகிறார். முதல் அடியையே தவறான திசையில் எடுத்துவைத்து, பந்துக்குப் பத்தடி தள்ளி நின்றவர் சுத்தமான கணக்கோடு வீட்டுக்குப் போகிறார்.

மேஜர் லீக்கின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில், 1968இன் ஏழாவது ஆட்டத்தில் செயின்ட் லூயிஸின் கர்ட் ஃப்ளட், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த மைய அவுட்ஃபீல்டர்களில் ஒருவர், ஜிம் நார்த்ரப் அடித்த பந்தை நோக்கி முதலில் முன்னால் வந்து, பிறகு திரும்பும்போது தடுமாறினார். பந்து தலைக்கு மேலே சென்று விழுந்தது. ஸ்கோர் அட்டையில் அது மூன்று பேஸ் ஹிட். அதில் வந்த இரண்டு ரன்களும் செயின்ட் லூயிஸ் பிட்சர் பாப் கிப்சனின் கணக்கில் ஏறின.

இதற்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு. புத்தித் தவறுகளையும் தவறான கணிப்பையும் பிழையாக எழுதக் கூடாது என்று அதே விதியே சொல்கிறது. 2024 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஆரன் ஜட்ஜ் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டது பிழையாகப் பதிவானது. அதே இன்னிங்ஸில் மூக்கி பெட்ஸ் தரையோடு தட்டிய பந்துக்கு பிட்சர் கெரிட் கோல் முதல் பேஸை நோக்கி ஓடாமல் நின்றது பிழையாகப் பதிவாகவில்லை, பெட்ஸுக்கு ஹிட் கிடைத்தது. இதை நான் ஏற்கிறேன். ஓட மறந்ததும் எறிய வேண்டிய இடத்தை மறந்ததும் புத்தியின் தவறுகள். ஆனால் தொடாமல் விழும் பந்தை அந்தப் பொது விலக்கோடு சேர்த்து மூடிவிடாமல், தனியாகப் பெயர் சொல்லி பிழை என்று சேர்த்திருப்பதும் அதே விதிதான். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியவர்கள் ஒன்றை மட்டும் படிக்கிறார்கள்.

சூரியன் கண்ணில் அடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது. 1929 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில் 8-0 என்று முன்னிலையில் இருந்த சிகாகோ கப்ஸ், ஒரே இன்னிங்ஸில் 10 ரன்களைக் கொடுத்துத் தோற்றது. அந்த இன்னிங்ஸில் ஹேக் வில்சன் வெயிலில் தொலைத்த ஒரு பந்து, மியூல் ஹாஸுக்கு மைதானத்துக்குள்ளேயே ஓடி எடுத்த மூன்று ரன் ஹோம் ரனாகப் பதிவானது. 1966 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் அணியின் வில்லி டேவிஸும் வெயிலில்தான் தடுமாறினார். அவருக்கோ அடுத்தடுத்து இரண்டு பந்துகளுக்கு இரண்டு பிழைகள், பதற்றத்தில் தவறாக எறிந்ததற்கு மூன்றாவது, எல்லாம் ஒரே இன்னிங்ஸில். அதனால் டாட்ஜர்ஸ் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் தம் கடைசி ஆட்டத்தில் கொடுத்த நான்கு ரன்களில் ஒன்று மட்டுமே அவருடைய சொந்தக் கணக்கில் ஏறியது. வானத்தில் இருந்தது ஒரே சூரியன்தான். (1993இல் ஹோசே கன்சேகோவின் தலையில் பட்டு எகிறிய பந்து வேலிக்கு அப்பால் விழுந்து ஹோம் ரனாகப் பதிவானதை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

ஸ்கோரர்கள் தயங்குவதற்கு நியாயமான காரணமும் இல்லாமல் இல்லை. இருவருக்கு நடுவே பந்து விழும்போது பிழையை யாராவது ஒருவர் பெயரில்தான் எழுத வேண்டும். அணியின் பிழை என்று பொதுவாக எழுத விதியில் இடமில்லை. யாரைக் குற்றவாளியாக்குவது என்று தெரியாதபோது ஹிட் என்று எழுதிவிட்டு நகர்வதே சுலபமான வழி. ஆகவே ஸ்கோர் அட்டையில் அணிப் பிழை என்று ஒரு பத்தியைத் திறந்துவிட்டாலே பாதிச் சிக்கல் தீரும் என்று நினைக்கிறேன். மீதிக்கு, ஃபீல்டர் கடக்க வேண்டிய தூரத்தையும் பந்து காற்றில் இருந்த நேரத்தையும் கொண்டு அது பிடிபடும் வாய்ப்பைச் சொல்லும் ஸ்டாட்காஸ்ட் (மேஜர் லீக்கின் அளவீட்டுத் தொழில்நுட்பம்) கணக்கு 2017 முதல் நம்மிடம் இருக்கிறது. வெயிலை அது அறியாது என்பதால் தீர்ப்பை அதனிடம் ஒப்படைக்கச் சொல்லவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறைக்கு மேல் பிடிபடக்கூடிய பந்து தரையில் விழுந்தால், அதை ஹிட் என்று எழுதும் ஸ்கோரர் காரணத்தையும் எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

1912 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில், நியூயார்க் ஜயன்ட்ஸின் ஃப்ரெட் ஸ்னாட்கிராஸ் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டார். அடுத்த பந்தையே ஓடிச்சென்று அபாரமாகப் பிடித்தார். பிறகு பாஸ்டனின் ட்ரிஸ் ஸ்பீக்கர் முதல் பேஸ் அருகே உயர அடித்த எளிய ஃபவுல் பந்தை (எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும், பிடித்தால் அவுட்டாகும் பந்து) ஜயன்ட்ஸின் மெர்க்கல், மேயர்ஸ், மேத்யூசன் மூவரும் பார்த்துக்கொண்டு நிற்க, அது தொடப்படாமல் விழுந்தது. மறுவாய்ப்புப் பெற்ற ஸ்பீக்கர் ஹிட் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார், பாஸ்டன் வென்றது. 1974இல் ஸ்னாட்கிராஸ் இறந்தபோது நியூயார்க் டைம்ஸின் இரங்கல் செய்தித் தலைப்பிலேயே 1912இல் அவர் நழுவவிட்ட பந்து இருந்தது. ஸ்பீக்கரின் அந்த ஃபவுல் பந்துக்கு மூவரில் எவர் பெயரிலும் பிழை எழுதப்படவில்லை.