சீல் குத்துறதுதானே!

முந்தாநாள் இரவு பதினோரு மணி. மேசை மேல், ரப்பர் ஸ்டாம்ப் குத்தி நான் கையால் செய்கிற ஒரு வாழ்த்து கார்டு. மூன்று நீல மைகளை ஒன்றோடொன்று கலந்து தேய்த்த வானம். மேலே வெளுத்து, கீழே போகப் போகக் கருநீலம். அதன் குறுக்கே ஒரு கிளை, கிளையில் தனித்தாளில் குத்தி, வண்ணம் தீட்டி, வெட்டி ஒட்டிய இரண்டு குருவி. எல்லாம் முடிந்தது. கீழே வெள்ளை மையில் 'நன்றி' என்று ஒரே ஒரு ஸ்டாம்ப் வைத்தால் வேலை தீர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன், அழுத்தினேன், நேராகத் தூக்கினேன்.

நனறி.

புள்ளி விழவில்லை. இரண்டு மணி நேர வேலை, ஒரு புள்ளியில் போனது. அப்போது பார்த்துப் போனில் ஒரு செய்தி: "எவ்வளவு முடிஞ்சுது? சீல் குத்துறதுதானே, இன்னைக்கே முடிச்சிடலாம்ல?"

அனுப்பியவர் என் பெரியம்மா மகன். வயதில் மூத்தவர், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. "ஆச்சுண்ணே, பாத்துக்கிறேன்" என்று பதில் போட்டுவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே கொட்டுகிறேன்.

அவருக்கு வேண்டியது 40 நன்றி கார்டு. நான் முன்பு செய்த குருவிக் கார்டைப் பார்த்து, "இதே மாதிரி, இதே குருவி" என்று அவரே தேர்ந்தெடுத்தார். சரி, கணக்குப் போடுவோம். 40 கார்டு, 80 குருவி. ஒரு குருவிக்கு வண்ணம் தீட்டப் பத்து நிமிடம் என்றால் 800 நிமிடம். பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், குருவிக்கு மட்டும். வெட்டுவது, ஒட்டுவது, வானம், கிளை, மடிப்பு எதுவும் இதில் சேர்த்தி இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னால், "அதெல்லாம் உனக்குக் கைப்பழக்கம்" என்பார். கைப்பழக்கம் வந்தால் கடிகாரம் மெதுவாக ஓடுமா?

கோபம் அவர் மேல் மட்டும் இல்லை, அந்த வார்த்தை மேல்தான் அதிகம். ரப்பர் ஸ்டாம்ப் என்றாலே நம் ஆட்களுக்கு ஆபீஸ் சீல் ஞாபகம்தான் வருகிறது. யோசிக்காமல் ஒப்புதல் கொடுக்கிற ஆளைக்கூட 'ரப்பர் ஸ்டாம்ப்' என்றுதான் திட்டுகிறோம். ஆபீஸ் சீல் கோணலாக விழுந்தால் யாராவது கவலைப்பட்டதுண்டா? பாதி அழிந்து, மை ஈஷி, தேதி புரியாமல் விழுந்தால்தான் அது அசல் என்றே ஒரு நம்பிக்கை வருகிறது. 'டப்' என்று குத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போகலாம். வாழ்த்து கார்டில் அந்த 'டப்'புக்கு ஒரே ஒரு வாய்ப்பு. அதற்கு முன்பு செய்த எல்லாமே அந்த ஒரு நொடியைப் பணயம் வைத்துத்தான் நிற்கிறது.

அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறைவாக அழுத்தினால் நடுவில் திட்டுத் திட்டாக வெள்ளை. அதிகமாக அழுத்தினால் மை பக்கவாட்டில் பிதுங்கி, மெல்லிய கோடெல்லாம் தடித்துவிடும். சற்றே ஆடினால் ஸ்டாம்பின் ஓரமும் சேர்ந்து பதிந்து, படத்தைச் சுற்றி வேண்டாத ஒரு கோடு. கண்ணாடி மாதிரி இருக்கிற பாலிமர் ஸ்டாம்ப் புதிதாக இருந்தால் இன்னும் மோசம். தாமரை இலைத் தண்ணீர் போல மை அதன் மேல் முத்து முத்தாக நிற்கும், ஒட்டாது. அழி ரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்துப் பழக்கினால்தான் மையைப் பிடிக்கும்.

மையிலும் எத்தனை சாதி! டை இங்க் தாளுக்குள் ஊறிச் சீக்கிரம் காயும், ஆனால் ஒளி ஊடுருவும் தன்மை உள்ளது. அடர்நிறத் தாளில் குத்தினால் கண்ணுக்கே தெரியாது. பிக்மென்ட் இங்க் தாளின் மேலே உட்காரும், அடர்நிறத்திலும் எடுபடும், ஆனால் காய்வதற்கு யுகம் பிடிக்கும். குருவியின் கோட்டுக்கு ஒரு மை, அதன் மேல் மார்க்கர் என்றால் இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் பட்டதும் கரைகிற கறுப்பைத் தவறிப் போய் எடுத்துவிட்டால், மஞ்சள் குருவி கண்ணெதிரே காக்காய் ஆகிவிடும். எனக்கு ஆகியிருக்கிறது, ஒரே நாளில் ஆறு தடவை. டப்பா மூடிகளைப் பார்த்தால் எல்லாமே கறுப்பு, நான் என்ன செய்ய?

இந்த வெள்ளை 'நன்றி'யை முதலில் எம்பாஸிங் முறையில்தான் முயன்றேன். பிசுபிசுப்பான மையில் குத்தி, வெள்ளைப் பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால், பவுடர் உருகி எழுத்து மேடாகப் பளபளக்கும். படிக்கச் சுலபம். ஆனால் வானத்தில் தேய்த்த நீலம் முழுக்கக் காயாமல் கொஞ்சம் ஈரம் இருந்தாலும், விரல் எண்ணெய் பட்டிருந்தாலும், தாளில் மின்னேற்றம் இருந்தாலும், பவுடர் அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். பகல் வானம் கேட்டவருக்கு நட்சத்திரம் பூத்த ராத்திரி வானம் கிடைக்கும். மின்னேற்றத்தைப் போக்கும் பொடிப்பையால் தடவினேன், பாதிதான் பலன். கூடுதலாக ஐந்து நொடி சூடு காட்டிய இன்னொரு கார்டில் எழுத்து தாளுக்குள் இறங்கி, எண்ணெய் பட்ட மாதிரி மங்கிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் இப்போது, "நிறமற்ற பவுடரால் எழுத்தை முதலில் வெள்ளைத் தாளில் உருக்கிவிட்டு, அதன் மேல் நீலத்தைத் தேய்த்துத் துடைத்திருக்கலாமே" என்பீர்கள். தெரியும். எனக்கும் தோன்றியது, 40 வானத்தையும் தேய்த்து அடுக்கி முடித்த பிறகு. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது, அதற்கு அண்ணனைத் திட்ட மாட்டேன்.

அதனால்தான் வெள்ளை பிக்மென்ட் மை. அதனால்தான் நனறி.

அந்தப் புள்ளியின் கதையைக் கேளுங்கள். கடைகளில் வருகிற வாழ்த்து ஸ்டாம்பில் நூற்றுக்குத் தொண்ணூறு 'ஹேப்பி பர்த்டே'யும் 'தேங்க் யூ'வும்தான். ஆங்கில எழுத்துப் பெட்டி என்றால் 26 துண்டில் முடிந்துவிடும். தமிழுக்கு 247 எழுத்து. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனித் துண்டாக்கிச் சேர்த்துக் குத்தலாம் என்றால், ஒரு 'கொ' எழுத மூன்று துண்டை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். 'கு', 'கூ' மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பதை எப்படிப் பிரிப்பீர்கள்? ஆகவே, ஸ்டாம்ப் செதுக்குவதற்கென்றே வரும் மிருதுவான ரப்பர் கட்டையை வாங்கி நானே செதுக்கினேன்.

முதல் தடவை உற்சாகத்தில், படிக்கிற திசையிலேயே செதுக்கிவிட்டேன். குத்திப் பார்த்தால் கண்ணாடிக்குள் தெரிகிற நன்றி. மறுபடி மெல்லிய தாளில் பென்சிலால் எழுதி, கட்டை மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தேன்; எழுத்து தானாகத் திரும்பி விழுந்தது. 'ந'வின் வளைவும் 'றி'யின் கொக்கியும் வந்துவிட்டன. 'ன்' மேல் இருக்கிற புள்ளிதான் உயிரை எடுத்தது. அது எதோடும் ஒட்டாமல் தனியாக நிற்கிற ஒரு குச்சி, பென்சில் முனை அளவு. சுற்றியுள்ள ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்து அதை மட்டும் நிற்க வைத்தேன். 19 கார்டு தாங்கியது. இருபதாவதில் குச்சி முறிந்து மைப் பேடிலேயே கிடந்தது.

"அட, புள்ளியைப் பேனாவால வச்சிடேன்!" வைத்தேன் சாமி, வைத்தேன். வெள்ளை ஜெல் பேனாவின் வெள்ளை வேறு, மையின் வெள்ளை வேறு. மற்ற எழுத்தெல்லாம் பால் நிறத்தில் அடக்கமாக இருக்க, புள்ளி மட்டும் பல்லிமுட்டை மாதிரி உருண்டு நின்றது. பிய்த்து எடுத்துவிட்டு வேறு வானம் ஒட்டலாம் என்றால், அடுக்குகளுக்கு நடுவில் ஃபோம் டேப், அதாவது இருபுறமும் ஒட்டும் தடித்த பஞ்சு டேப். இழுத்தால் அடித்தாளின் தோலோடு வரும்.

இந்தக் கூத்தை ஒருவழியாகப் போனில் விளக்கினேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார்: "ஒண்ணு மட்டும் நல்லா பண்ணு. அதை ஸ்கேன் போட்டு நாப்பது பிரிண்ட் எடுத்துடுவோம்." எனக்கு ஒரு கணம் காது அடைத்தது. குருவி ஸ்டாம்ப் நான் வரைந்ததில்லை, அதை வரைந்தவர்கள் வேறு. கையால் குத்திச் செய்த கார்டை அளவாக விற்கக்கூட அனுமதிக்கிற ஸ்டாம்ப் நிறுவனங்கள் உண்டு. ஆனால் படத்தை ஸ்கேன் செய்து இயந்திரத்தில் பிரதி எடுக்கக் கூடாது என்பதில் பலவும் கறார். அதை விடுங்கள். பிரிண்ட்தான் போதும் என்றால் என்னிடம் எதற்கு வந்தார்?

வேடிக்கை என்னவென்றால், வரலாறு அவர் பக்கம்தான். 1843இல் ஹென்றி கோல் என்ற ஆங்கிலேயருக்கு, கிறிஸ்துமஸுக்கு வந்து குவிந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத நேரமில்லை. ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரை வரையச் சொல்லி, கல்லச்சில் அடித்து அனுப்பினார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் கார்டு அதுதான். ஆக, அச்சடித்த கிறிஸ்துமஸ் கார்டு பிறந்ததே நேரமில்லாமைக்காக. ஆனால் அந்தக் கார்டுக்குக்கூட வண்ணம் கையால்தான் தீட்டினார்கள். யாரோ ஒருவர் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறார். அவரிடமும் யாராவது "கலர் அடிக்கிறதுதானே" என்று கேட்டிருப்பார்கள். நிச்சயம் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் மடிப்பு. தாளை மடிப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டைக்கு நார் ஓடும் திசை ஒன்று உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளை நார் தெரியும். அதனால் மடிக்கும் முன் மழுங்கிய முனையால் கோடு அழுத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கோட்டுக்கு மறுபுறம் எழுகிற மேடு உள்பக்கம் வர வேண்டும். நான் வருடக்கணக்கில் தலைகீழாக மடித்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. தபாலைப் பற்றி ஒரே ஒரு வரி: ஃபோம் டேப் வைத்த கார்டு கவருக்குள் போகும், ஆனால் கவர் தட்டையாக இருக்காது.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கிற பாராட்டு எது தெரியுமா? "அச்சடிச்ச மாதிரியே இருக்கு!" சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், "கடையில வாங்கினதுன்னே நினைச்சேன்" என்பார்கள். பாராட்டுகிறார்கள் என்று மூளைக்குத் தெரிகிறது, முகத்துக்குத்தான் தெரியவில்லை. கடையில் வாங்கியது போல இருக்க வேண்டுமென்றால் நான் கடைக்கே போயிருப்பேனே. இன்னொரு ரகம் உண்டு. பிறந்தநாள் கார்டைக் கையில் வாங்கியதும் திருப்பிக்கூடப் பார்க்காமல், "வாழ்த்துக்கள் இல்ல, வாழ்த்துகள். 'க்' வராது" என்பவர்கள். ஐயா, அந்தச் சண்டை எனக்கும் தெரியும். ஒற்று ஒன்று குறைந்தால் செதுக்குகிற புள்ளியும் ஒன்று குறையும். உங்கள் கட்சியில் நான் எப்போதோ சேர்ந்துவிட்டேன். அது பழைய ஸ்டாம்ப்.

முறிந்த குச்சிக்குப் பதிலாக முந்தாநாள் ராத்திரியே உட்கார்ந்து புது 'நன்றி' செதுக்கினேன். இந்தத் தடவை புள்ளியின் அடிப்பகுதியைச் சிறு குன்று மாதிரி அகலமாக விட்டிருக்கிறேன், உச்சி மட்டும்தான் தாளைத் தொடும். இதுவரை நன்றாகவே விழுகிறது. இதை எழுத ஆரம்பித்தபோது 37 முடிந்து, மேசை மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இடையில் அழைப்பு மணி. அண்ணன்தான், எவ்வளவு ஆயிற்று என்று நேரிலேயே பார்க்க வந்துவிட்டார். தண்ணீர் எடுத்து வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, "பரவாயில்லையே, நல்லாத்தான் பண்ணியிருக்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு கார்டின் 'நன்றி' மேல் கட்டைவிரலை வைத்து இழுத்தார். "காஞ்சிடுச்சா இது?"

36.