பாசறைச் சோறு அடிப்பிடித்தால் பிடிக்கட்டும்

ஆகஸ்ட் லீவு வந்தால் சாரணர் பாசறையும் வரும். பாசறை வந்தால் பெற்றோரின் வட்ஸ்அப் குரூப் முழித்துக்கொள்ளும். "சேர், மகன் சாப்பிட்டவரோ?", "சேர், ஒரு போட்டோ போடுங்கோ", "மழையாம், உடுப்புக் காய்ஞ்சுதோ?" பாவம் அந்தச் சாரண ஆசிரியர். தன் லீவையும் விட்டுவிட்டுச் சம்பளமில்லாமல் வந்த மனுசன், அத்தனை தாய்மாருக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கொழும்பில் நாங்கள் கேட்க வேண்டியதைக் கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாததைத்தான் விழுந்து விழுந்து கேட்கிறோம்.

அக்காவின் மகன் போன வருஷம்தான் முதல்முதலாகப் போனான். வெள்ளவத்தை ஃபிளாட்டில் வளர்ந்த பிள்ளை, குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி அறியாதவன். முதல் நாளே அவனுடைய அணியின் சோறு அடிப்பிடித்துவிட்டது. ஈர விறகு, ஊதி ஊதிக் கண் சிவந்து, கடைசியில் தீ மூண்டபோது விறகை வெளியே இழுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே அரிசி, அடியில் கரி. பருப்புக்கு இரண்டு பேர் தனித்தனியாக உப்புப் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் சாப்பிட்டார்கள். அப்புறம் பானை தேய்ப்பது யார் என்று சண்டை. அணித் தலைவன் இவனைவிட இரண்டு வயது மூத்தவன். கழுவும் முறைப்பட்டியலில் தன் பெயரை முதலாவதாக எழுதினானாம். "பிறகு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது, சித்தி?"

அடுத்த நாள் பக்கத்து அணி, பானையின் வெளிப்பக்கத்தில் சேறு பூசி அடுப்பில் வைத்ததைக் கண்டிருக்கிறார்கள். கழுவும்போது சேற்றோடு கரியும் போய்விடும். அது சிங்களப் பள்ளிக்கூட அணி. விசாரிக்கப் போன இவனுக்குப் பரீட்சைச் சிங்களம் கைகொடுக்கவில்லை. பாதி கையாலேயே கதைத்திருக்கிறான். வித்தையைப் படித்துக்கொண்டு, பதிலுக்கு வெங்காயம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இதில் எந்த இடத்தில் பெரியவர் ஒருவர் தேவைப்பட்டார்?

சாரணியம் தொடங்கியதே இப்படித்தான். 1907 ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுக்கு இருபது சொச்சம் பையன்களைக் கூட்டிப்போனார். பணக்காரப் பள்ளிப் பிள்ளைகளையும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். 1912இல் அது இலங்கைக்கும் வந்துவிட்டது. நூறு வருஷம் தாண்டியும் நாங்கள் புரியாணிப் பார்சலோடு பாசறை வாசலில் நிற்கிறோம். ஒரு பிள்ளைக்குப் பார்சல் வந்தால் அன்றைக்கு அந்த அணியின் சமையல் படுத்துவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பச் சொல்லவில்லை. 2023இல் தென்கொரியாவின் சேமன்குமில் நடந்த ஜம்போரியில், அதாவது உலகச் சாரணர் பெரும் பாசறையில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். கடலை நிரப்பி எடுத்த நிலம், நிழலே இல்லை. வெயிலில் நூற்றுக்கணக்கானோர் சுகவீனப்பட்டார்கள். பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் இடையிலேயே கிளம்பின. கடைசியில் சூறாவளி வருகிறதென்று முழு முகாமையும் காலி செய்தார்கள். அது பிள்ளைகளின் பிழை இல்லை. தண்ணீர், நிழல், கழிப்பறை, வைத்தியம் எல்லாம் பெரியவர்களின் பொறுப்பு.

ஆகவே கேட்பதானால் போவதற்கு முதலே இவற்றைக் கேளுங்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆற்றில் இறக்குவதென்றால் நீச்சல் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் கரையில் நிற்பார்கள்? இரவில் பெரியவர்கள் பிள்ளைகளின் கூடாரத்துக்கு வெளியே தனியாகத்தான் படுக்கிறார்களா? வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் யார் கையில் இருக்கும்? இதைக் கேட்டால் எந்த நல்ல சாரண ஆசிரியரும் கோபிக்க மாட்டார். ஆனால் குரூப்பில் இந்தக் கேள்விகள் வருவதை நான் கண்டதில்லை. சோறு பற்றித்தான் வரும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஜனாதிபதி சாரணர் விருது வேண்டும், வெளிநாட்டுக் கம்பஸுக்குப் போட உதவுமாம். ஆனால் பாசறை நடுவில் டியூஷன் என்றால் வான் பிடித்துப்போய்ப் பிள்ளையை இழுத்துக்கொண்டு வருவார்கள். அன்று இரவு தீப்பாசறையில் நடிக்கவிருந்த நாடகத்தில் அந்தப் பிள்ளைதான் அரசனாக இருக்கும். மற்றவர்கள் அரசனில்லாமல் நாடகம் போட வேண்டும். விடுபட்ட பாடத்தின் ரெக்கோர்டிங்கைக் கேட்டு வாங்கலாம். எந்த டியூஷன் சேரும் இல்லை என்று சொல்ல மாட்டார்.