மூன்று நொடியை மூன்று முறை ஆடினால்?

1972 மியூனிக் ஒலிம்பிக் கூடைப்பந்து இறுதிப்போட்டியில் சோவியத் யூனியனிடம் தோற்றதற்கான வெள்ளிப் பதக்கத்தை அமெரிக்க வீரர்கள் இன்னும் வாங்காதது வெறும் வீம்பு என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிகிறது. என்னால் ஏற்க முடியவில்லை.

தோற்றதற்காக யாரும் அரை நூற்றாண்டு கசந்துகொண்டிருக்க மாட்டார்கள். அமெரிக்க வீரர் டக் காலின்ஸ் அடிபட்டு எழுந்து வந்து, ஃபவுலுக்காகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டார், 50-49 என்று அமெரிக்கா முன்னிலை. மிச்சம் மூன்றே நொடி. அதை மூன்று முறை ஆட வைத்தார்கள்! இரண்டாவது முறை மணி அடித்ததும் அமெரிக்கர்கள் ஜெயித்துவிட்டதாகக் கட்டிப்பிடித்துக் கொண்டாடினார்கள். கடிகாரம் சரியாக வைக்கப்படவில்லையாம், மறுபடியும் ஆடு என்றார்கள். சோவியத் வீரர் எதெஷ்கோ எறிந்த நீண்ட பாஸ், சக வீரர் பெலோவ் போட்ட கூடை, 51-50 என்று சோவியத் வெற்றி.

சோவியத் வீரர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்தப் பாஸ் அற்புதமானது. டைம் அவுட் கேட்டும் தரவில்லை என்ற அவர்கள் முறையீட்டிலும் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் நடுவராக இல்லாத, சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் இறங்கி வந்து மூன்று நொடி கொடு என்றது எந்த விதியில் இருக்கிறது? ஆட்டத்தை நடத்திய பிரேசில் நடுவர் ரிகெட்டோவே ஸ்கோர் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். அமெரிக்காவின் மேல்முறையீடும் 3-2 என்ற வாக்கில் தள்ளுபடி. என் வாரிசுகளும் வாங்கக் கூடாது என்று அந்த அணியின் கென்னி டேவிஸ் உயிலிலேயே எழுதி வைத்தார். இதையா வீம்பு என்கிறீர்கள்?